யானாமுக்குப் போன கல்யாணங்களும் ஒரு டாக்டரம்மாவும்

ஜூலை 30னா நம்ம ஊர்ல என்ன நாள்னு கேட்டா உங்க தாத்தா பாட்டி உடனே சொல்லிடுவாங்க. 1936ல அந்தத் தேதியிலதான் மில் தொழிலாளர்கள் மேல பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 பேர் செத்தாங்க. உப்பளத்துல இருந்து சைக்கிள் மிதிச்சா எட்டிடுற தூரத்துல நடந்த கதை. வருஷா வருஷம் மாலை போடுறாங்க, நாமளும் அந்த வழியா பைக்ல போயிட்டு வர்றோம்.

அதே 1936 ஜூலை 30ஆம் தேதி, மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மாவுக்குச் சரியா ஐம்பது வயசு முடிஞ்சது. அவங்க பேரு முத்துலட்சுமி ரெட்டி. தமிழ்நாட்டுல அவங்க பிறந்தநாள மருத்துவமனை தினமா கொண்டாடுறாங்க. கூகுள்கூட ஒருதடவை முகப்புல படம் போட்டது. எட்டாம் வகுப்புப் புத்தகத்துல ‘முதல் பெண் டாக்டர்களில் ஒருவர்’னு ஒரு வரி படிச்சு, ஒரு மார்க் கேள்விக்கு எழுதிட்டு மறந்திருப்பீங்க. அந்த ஒரு வரிக்கு வெளியில இருக்கிறதைத்தான் இங்க சொல்லப் போறேன். அதுல நம்ம புதுச்சேரிக்கும் ஒரு பங்கு இருக்கு. பெருமைப்படுற மாதிரியான பங்கு இல்ல.

1886ல புதுக்கோட்டையில பிறந்தாங்க. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில முதல்வரா இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபுல வந்த குடும்பம். இந்தக் கல்யாணத்துக்காக அப்பாவை அவரோட சொந்தக்காரங்க ஒதுக்கி வச்சிட்டாங்க. அதனால முத்துலட்சுமி வளர்ந்தது அம்மா பக்கத்து உறவுகளோட. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படுற சின்னப் பொண்ணுங்கன்னா யாரு, அவங்க வாழ்க்கை எப்படிப் போகும்னு அவங்க புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. தன்னைச் சுத்தியே பார்த்தாங்க.

வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் அதுதான் வழக்கம். அம்மாவுக்கு மகளைச் சீக்கிரம் கட்டிக்கொடுத்துடணும்னு கவலை. அப்பா படிக்கட்டும்னார். வீட்டுலயே பாடம் சொல்லிக்கொடுத்து, தனித்தேர்வரா எழுத வச்சார். 1902ல மெட்ரிகுலேஷன் பாஸ். வயசு 16. நாம அந்த வயசுல என்ன கோர்ஸ் எடுக்கிறதுன்னு யூடியூப்ல வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தோம். அவங்களுக்கு அந்தக் கேள்வியே வரல. எந்தக் கல்லூரி சேர்த்துக்கும்ங்கிறதுதான் கேள்வி.

மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாங்க. ஊர்ல எதிர்ப்பு கிளம்பிடுச்சு. பையன்களோட படிப்பு கெட்டுப்போகும்னு ஒரு பக்கம், அம்மா பிறந்த குலத்தை இழுத்துப் பேசினது இன்னொரு பக்கம். கடைசியில ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமானே சேர்த்துக்கச் சொல்லி உத்தரவு போட்டு, உதவித்தொகையும் கொடுத்தார். வகுப்புல ஒரே பொண்ணு. பையன்கள் பார்வை படாம திரைக்குப் பின்னால உட்கார வச்சாங்க. மெக்கானிக்கல் கிளாஸ்ல 60 பேருக்கு நடுவுல மூணு பொண்ணுங்களா உட்கார்ந்திருக்கிறது கஷ்டம்னு நம்ம தோழிங்க சொல்வாங்க. இங்க மூணுகூட இல்ல, ஒண்ணே ஒண்ணு, அதுவும் திரைக்குப் பின்னால.

அப்புறம் 1907ல மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, 1912ல டாக்டர் பட்டம், எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில வேலை. 1914ல டாக்டர் சுந்தர ரெட்டியோட கல்யாணம். தன்னைச் சமமா நடத்தணும், தன் விருப்பத்துக்குக் குறுக்க நிக்கக் கூடாதுன்னு சொல்லி அவர் ஒத்துக்கிட்ட பிறகுதான் கட்டிக்கிட்டாங்க. சடங்கு கிடையாது, பதிவுத் திருமணம். 28 வயசு! அன்னைக்கு அந்த வயசுல நிறைய பெண்கள் பாட்டி ஆகுறதுக்குத் தயாராயிட்டு இருப்பாங்க.

மகப்பேறு வார்டுல ஒரு டாக்டர் தினமும் என்ன பார்ப்பாங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பன்னிரண்டு, பதிமூணு வயசுல கர்ப்பமா வர்ற குழந்தைங்க. அந்த வயசுல இடுப்பெலும்பு முழுசா வளர்ந்திருக்காது. குழந்தையோட தலை வெளிய வர வழி இருக்காது. பிரசவ வலி நாள் கணக்குல இழுக்கும். தாய் பிழைச்சா குழந்தை இருக்காது, சில சமயம் ரெண்டுமே இருக்காது. பிழைச்ச தாய்க்கும் உள்ளே திசு அழுகி, சிறுநீர் கட்டுப்பாடில்லாம ஒழுகுற நிலை ஆயுசுக்கும் வரலாம். அப்படி ஆனவளைப் புருஷன் வீட்டுல வச்சுக்க மாட்டாங்க. இதுக்கு மருந்து கிடையாது. கல்யாண வயசைத் தள்ளிப் போடுறது ஒண்ணுதான் வழி. அதாவது சட்டம். ஒரு டாக்டர் சட்டசபைக்குள்ள போன காரணம் அதுலயே இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

1925ல பெண்கள், குழந்தைகள் நோய் பத்தி மேல்படிப்புக்கு லண்டன் போனாங்க. திரும்பி வந்ததும் இந்தியப் பெண்கள் சங்கம் அவங்க பேரை முன்வைக்க, மெட்ராஸ் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டாங்க. பிரிட்டிஷ் இந்தியாவோட முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். 1927ல துணைத் தலைவரா எதிர்ப்பே இல்லாம தேர்ந்தெடுத்தாங்க.

உள்ள போய் அவங்க கேட்டதையெல்லாம் பார்த்தா ஒரு குழந்தையோட ஒரு நாளைக் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பின்தொடர்ந்து போய் எழுதின மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துல படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முறையா மருத்துவப் பரிசோதனை வேணும். ஏழைப் பெண் குழந்தைகளுக்கு எட்டாவது வரை ஃபீஸ் வாங்கக் கூடாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேணும். நம்ம ஸ்கூல்ல வருஷத்துக்கு ஒரு நாள் டாக்டர் வந்து கண்ணைப் பிதுக்கிப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, எடை பார்த்து அட்டையில எழுதிட்டுப் போவாரே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ஒரு பீரியட் போச்சுன்னு சந்தோஷப்பட்டதோட சரி. கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்குன்னு சொல்லி அடிச்சிட்டு இருந்த காலத்துல, அதுக்குக் கண்ணாடிதான் தேவைன்னு கண்டுபிடிக்க ஒரு ஏற்பாடு வேணும்னு ஒருத்தர் எழுந்து நின்னு கேட்க வேண்டியிருந்தது.

கல்யாண வயசுக்கு வருவோம். 1891ல இருந்த சட்டம் பன்னிரண்டு வயசுக்குள்ள இருக்கிற மனைவியை மட்டும்தான் காப்பாத்தும். அதுகூட கல்கத்தாவுல புல்மோனி தாசிங்கிற பத்து, பதினோரு வயசுக் குழந்தை கணவனால செத்துப்போன பிறகு வந்தது. பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21னு ஆக்கணும்னு முத்துலட்சுமி மெட்ராஸ் அவையில தீர்மானம் கொண்டுவந்து ஜெயிச்சாங்க. ஆனா தில்லியில அஜ்மீர்க்காரர் ஹர் பிலாஸ் சாரதா கொண்டுவந்த சட்டம் 1929ல நிறைவேறினப்ப பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18னுதான் நின்னுச்சு. தண்டனையும் பெருசா ஒண்ணும் இல்ல. அதிகபட்சம் ஒரு மாசம் ஜெயில், ஆயிரம் ரூபாய் அபராதம். நடந்த கல்யாணம் செல்லும். போதாததுக்கு, சட்டம் அமலுக்கு வர 1930 ஏப்ரல் 1 வரைக்கும் ஆறு மாசம் டைம் கொடுத்துட்டாங்க. அந்த ஆறு மாசத்துல நாடு முழுக்க அவசர அவசரமா குழந்தைகளுக்குத் தாலி கட்டினாங்க. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல குழந்தை மனைவிகளோட எண்ணிக்கை குறையறதுக்குப் பதிலா ஏறியிருந்தது.

இப்போ நம்ம ஊர் கதை. சாரதா சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும்தான். சமஸ்தானங்களைக் கட்டுப்படுத்தாது. முத்துலட்சுமி பிறந்த புதுக்கோட்டையே ஒரு சமஸ்தானம். பிரெஞ்சு இந்தியாவையும் கட்டுப்படுத்தாது. கடலூர்ல இருந்தும் விழுப்புரத்துல இருந்தும் இன்னைக்கு வார இறுதியில ஆளுங்க நம்ம ஊருக்கு எதுக்கு வர்றாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 1930கள்ல அதே மாதிரி எல்லை தாண்டி வந்தாங்க, சின்னப் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ண. மெட்ராஸ் மாகாணத்துக் குடும்பங்க புதுச்சேரிக்கு வந்து முகூர்த்தத்தை முடிச்சிட்டுத் திரும்பிப் போனாங்க. கோதாவரிக் கரையில இருக்கிற நம்ம யானாமுக்குத் தெலுங்குக் குடும்பங்க கூட்டம் கூட்டமா வந்ததுல அந்த ஊருக்குக் கல்யாணபுரம்னே பேர் வந்துடுச்சு. படிச்சவங்க, சட்டம் தெரிஞ்சவங்க, பணம் செலவழிச்சுப் பயணம் பண்ண முடிஞ்சவங்கதான் இப்படி வந்தது. அறியாமையால குழந்தைத் திருமணம் நடக்குதுன்னு நாம கட்டுரைப் போட்டியில எழுதுவோம்ல, அதை இங்க கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும். இவங்களுக்குச் சட்டத்துல எந்தப் பிரிவு எங்க முடியுதுன்னு நம்மளை விட நல்லாத் தெரியும்.

இன்னொண்ணு சொல்றேன், நீங்க நம்ப மாட்டீங்க. இப்போ இருக்கிற 2006ஆம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை எடுத்து முதல் பிரிவைப் படிங்க. புதுச்சேரியோட ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாதுன்னு எழுதியிருக்கும். 1881ல தங்களோட சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கிட்டவங்களோட வாரிசுகள் அவங்க. நம்ம கிளாஸ்லயே ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கலாம். அவங்களுக்குத் தனிச் சட்டம் இருக்குங்கிறதால இந்த விலக்கு, குழந்தைக் கல்யாணம் பண்ணட்டும்னு இல்ல. இருந்தாலும் குழந்தைங்களுக்கான ஒரு மத்தியச் சட்டத்தோட முதல் பக்கத்துலயே நம்ம ஊர் பேர் விதிவிலக்கா வர்றது எனக்கு உறுத்துது.

முத்துலட்சுமியோட பெரிய சண்டை பொட்டுக்கட்டும் வழக்கத்தோடதான். கோயிலுக்குன்னு ஒரு சிறுமியை நேர்ந்துவிட்டா அவளுக்குக் கல்யாணம் கிடையாது, வளர்ந்ததும் யாராவது பணக்காரரோட ஆதரவுல வாழணும். இதை நிறுத்தணும்னு 1927ல தீர்மானம் கொண்டுவந்தாங்க. சத்தியமூர்த்தி மாதிரி பெரிய காங்கிரஸ் தலைவர்களே எதிர்த்தாங்க. பெரியார் ஆதரிச்சார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊரா போய்ப் பேசினார். சென்னை தேவதாசிகளே ஒன்று சேர்ந்து எதிர்ப்பு மனு கொடுத்ததையும் சொல்லணும். எங்களை எல்லாம் ஒரே தட்டுல வச்சு ஒழுக்கம் கெட்டவங்கன்னு சொல்றீங்க, எங்க கலையும் பிழைப்பும் என்ன ஆகும்னு அவங்க கேட்டது நியாயமான கேள்வி. முத்துலட்சுமி அதுக்குக் காது கொடுத்த அளவு போதாதுன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா பிழைப்பு விஷயத்துல அவங்க செய்த ஒரு காரியம் ரொம்பப் புத்திசாலித்தனமானது. தாசிகளுக்குக் கோயில் மானிய நிலம் இருக்கும். கோயில் சேவையை விட்டா நிலம் போயிடும். அடுத்த தலைமுறையில ஒரு பொண்ணுக்குப் பொட்டுக் கட்டுறதே அந்த நிலத்தைக் காப்பாத்தத்தான். 1929ல அறநிலையச் சட்டத்துல திருத்தம் கொண்டுவந்து, சேவை செய்யாமலே அந்த நிலத்தை அவங்களே வச்சுக்கலாம்னு ஆக்கினாங்க. குழந்தையைக் கொடுத்தாதான் நிலம்ங்கிற கட்டு அதோட அவிழ்ந்துச்சு.

பொட்டுக்கட்டுறதையே தடை பண்ற மசோதாவை 1930ல கொண்டுவந்தாங்க. அதே வருஷம் காந்தியைக் கைது செய்ததைக் கண்டிச்சுப் பதவியை ராஜினாமா பண்ணிட்டாங்க. சட்டம் நிறைவேற 1947 ஆச்சு. பதினேழு வருஷம். அதுக்குள்ள எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டியிருப்பாங்க? ராஜினாமா சரியா தப்பான்னு நம்ம தமிழ் மன்றத்துல ஒரு பட்டிமன்றமே வைக்கலாம்.

அந்த 1930லதான் ஒரு ராத்திரி அவங்க வீட்டுக் கதவைத் தேவதாசிக் குடும்பத்துப் பொண்ணுங்க வந்து தட்டினாங்க. அந்த வாழ்க்கை வேண்டாம், படிக்கணும்னு வந்தவங்க. சாதி ஹாஸ்டல்கள்ல இடம் கிடைக்கல. இவங்க உள்ள கூப்பிட்டு வீட்டுலயே தங்க வச்சாங்க. அதுதான் அவ்வை இல்லம். பிறகு அடையாறு பெசன்ட் அவென்யூவுக்கு மாறி, எந்தச் சாதிக் குழந்தையும் வந்து தங்கிப் படிக்கிற இடமா வளர்ந்துச்சு. இன்னைக்கும் அங்க பள்ளிக்கூடம் நடக்குது. சட்டம் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணுங்களை வாசல்ல நிக்க வைக்க முடியாதுல்ல.

கேன்சர் இன்ஸ்டிட்யூட் கதை எல்லாருக்கும் தெரியும்ங்கிறதால சுருக்கமா சொல்றேன். தங்கை சுந்தராம்பாளுக்கு வயித்துக்கடுப்புன்னு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, அது புற்றுநோய். கண்டுபிடிச்சப்ப நேரம் கடந்துபோச்சு. வீட்டுக்குள்ளேயே ஒரு டாக்டர் இருந்தும் 1923ல தங்கை இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் முப்பது வருஷம் கழிச்சு, 1952ல நேரு அடிக்கல் நாட்ட, 1954ல அடையாறுல 12 படுக்கையோட மருத்துவமனை திறந்தாங்க. அப்போ அவங்களுக்கு வயசு 67, நம்ம ஊர்ல பென்ஷன் வாங்கிட்டு பீச் ரோட்ல வாக்கிங் போற வயசு. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் சேர்ந்து அதை நடத்தினாங்க. 1960ல குழந்தைகள் புற்றுநோய்க்குன்னு தனிப் பிரிவும் வந்துச்சு. நாட்டுலயே முதல்முறை.

1968 ஜூலை 22, முத்துலட்சுமி ரெட்டி இறந்தாங்க. 82 வயசு நிறைய எட்டு நாள் பாக்கி. அப்போ புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. பெண்ணுக்குக் கல்யாண வயசு இந்தியாவுல இன்னும் 15தான். அது 18 ஆக 1978 வரைக்கும் காத்திருக்கணும்.