கைக்கு அடங்காத சக்திகளும் புதுமைப்பித்தனும்

நம் தாபோடிக்குச் சில நிலையங்களே தள்ளியுள்ள பூனா நகரில், தமிழ்ச் சிறுகதையின் தலைமகன் ஒருவர் தம் கடைசி மாதங்களைக் கழித்தார் என்பதை நம் காலனியில் அறிந்தோர் சிலரே. அவர் புதுமைப்பித்தன்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர், 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் தாசில்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. தேறி, 1932-இல் கமலா அம்மையாரை மணந்து, சென்னை சென்று, மணிக்கொடியில் எழுதிப் புகழ் பெற்றார். பின்னர்த் தினமணியில் பணி. இவை பலரும் எழுதியவை. நாம் கூற விழைவது வேறு.

மனிதன் தன் கைக்கு அடங்காத சக்திகளைத் தொட்டால் யாது நேரும் என்பதை அவர் கதையில் விடாது ஆராய்ந்தார். பேய்க்கதை என்றவுடன் பாட்டிமார் சொன்ன புளியமரத்து மோகினியே நமக்கு நினைவு வரும். அவரோ பேயைவிட, அதனை வரவழைத்த மனிதனையே உற்று நோக்கினார். 'பிரம்ம ராக்ஷஸ்' கதையில், எல்லை மீறிய வித்தையை நாடியவன் உடலிழந்தும் அமைதியின்றி அலைகிறான். 'காஞ்சனை'யில் பிச்சைக்கு வந்த பெண்ணை இரக்கத்தால் வீட்டில் வைத்துக்கொள்கின்றனர். பின்னர் இரவே அச்சமாகிறது. அவள் யார் என்று ஆசிரியர் தீர்ப்புக் கூறவில்லை. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நவீனத்தையும் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தார். பிணங்களின் உறுப்புகளால் உயிரைப் படைத்துவிட்டு, அதன் முகம் கண்டு ஓடிய விஞ்ஞானியின் கதை அது. பெற்றவன் கைவிட்டதே அங்குப் பெருங்குற்றம் என்பது நம் எண்ணம்.

இத்தனையும் அறிந்தவர் தாமே சினிமா என்னும் பூதத்தை அழைத்தார். தாயார் பெயரால் பர்வதகுமாரி என்று படக் கம்பெனி தொடங்கினார்; படம் வெளிவரவில்லை. பிறகு தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் பூனா வந்தார். இங்கே காசநோய் முற்றியது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இலேயே கண்டறியப்பட்டதெனினும் எளியோர்க்கு எட்டும் விலையில் இல்லை.

1948-இல் திருவனந்தபுரம் திரும்பினார். ரயில்வேயில் இருக்கும் நமக்கு அப்பயணம் மனக்கண்ணில் தெரிகிறது: பூனாவில் அகலப்பாதை, திருவனந்தபுரத்தில் மீட்டர் பாதை, நோயாளியும் இடையில் வண்டி மாறியே தீரவேண்டும். அவ்வாண்டிலேயே, நாற்பத்திரண்டாம் வயதில், மனைவியையும் சிறு மகளையும் விட்டு மறைந்தார். வெளியூர்களிலிருந்து மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாகியுள்ளன. ஊரை விட்டு வந்த நாம் அதனைப் படித்து முடிப்பது எளிதன்று.

அவர் நூல்கள் 2002-இல் நாட்டுடைமையாயின. நம் சங்க அலமாரியிலும் ஒரு தொகுதி உண்டு. 'காஞ்சனை'யை மட்டும் இரவில் தனியே படிக்க வேண்டா.