கருவறையை எட்டிப் பார்த்த டாக்டர்

கொதிகலன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு கருவி தெரிந்திருக்கும். இரும்புத் தகட்டிலோ வெல்டிங்கிலோ உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையைச் செலுத்திப் பார்ப்பார்கள். குறை இருந்தால் அலை எதிரொலித்துத் திரும்பி, திரையில் கோடாகக் காட்டும். இரும்புக்கு ஏற்பட்ட இந்தச் சோதனையைத் தாயின் வயிற்றுக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் இயன் டொனால்டு.

இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் 1910 டிசம்பர் 27-ல் பிறந்தார். குடும்பம் தென்னாப்பிரிக்கா சென்றது. அங்கே 1927-ல் மூன்று மாத இடைவெளியில் தாயையும் தந்தையையும் இழந்தார். பிறகு லண்டன் திரும்பி, 1937-ல் டாக்டர் பட்டம் பெற்றார். யுத்த காலத்தில் விமானப் படையில் சேவை. குண்டுகளோடு எரிந்துகொண்டிருந்த விமானத்துக்குள் புகுந்து வீரர்களை மீட்டதற்காக 1946-ல் எம்.பி.இ. விருது கிடைத்தது. ரேடார், சோனார் போன்ற யுத்தக் கருவிகளோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கம்தான் பிற்காலத்தில் கைகொடுத்தது.

1954-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிரசவ மருத்துவப் பேராசிரியரானார். 1955 ஜூலை 21-ந் தேதி அவர் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆபரேஷனில் அகற்றிய கட்டிகளை இரண்டு கார்களில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவிலிருந்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் கொதிகலன் கம்பெனிக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைக் கம்பெனியார் வைத்திருந்தார்கள். நீர்க்கட்டி ஒரு விதமாகவும், கெட்டியான தசைக்கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன!

இதைக் கேள்விப்பட்ட கெல்வின் ஹியூஸ் கம்பெனியின் இளம் என்ஜினீயர் டாம் பிரவுன் தாமாகவே டெலிபோன் செய்து வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. டாக்டர் ஜான் மக்விகாரும் உடன் உழைத்தார். மற்ற டாக்டர்கள் நம்பவில்லை, கேலி செய்தார்கள். அந்தச் சமயம், வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட பெண்மணி ஒருவரைச் சோதித்தார்கள். திரையில் தெரிந்தது பெரிய நீர்க்கட்டி. ஆபரேஷன் செய்தார்கள், அவர் பிழைத்தார். கேலி நின்றது. 1958 ஜூன் 7-ல் லான்செட் பத்திரிகையில் கட்டுரை வெளியாயிற்று.

அதுவரை கருவைப் பார்க்க எக்ஸ்ரே ஒன்றே வழி. அது குழந்தைக்குக் கெடுதல் என்பது அந்த ஆண்டுகளில்தான் வெளிவந்தது. ஒலி அலையில் அந்த அபாயக் கதிர் இல்லை. தாயின் மூத்திரப்பை நிறைந்திருந்தால் ஆரம்ப மாதங்களிலேயே கரு தெளிவாகத் தெரியும் என்பதும் இவர்கள் கண்டதே. ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனால்தான்.

மண்டை எலும்பு ஒலியை நன்றாக எதிரொலிக்கும். ஆகவே முதலில் அளக்க முடிந்தது சிசுவின் தலை. கிளாஸ்கோவில் டொனால்டிடம் பயின்ற ஸ்டூவர்ட் கேம்ப்பெல் இந்த அளவைச் செம்மைப்படுத்தினார். 1972-ல் லண்டனில் ஒரு கர்ப்பிணிக்கு 17-வது வாரத்தில் ஸ்கேன் செய்தபோது, சிசுவுக்கு மண்டையின் மேற்பகுதியே உருவாகவில்லை என்று அவர் கண்டார். மூளை வளராத அந்தக் குழந்தை பிறந்தாலும் பிழைக்காது. கர்ப்பம் கலைக்கப்பட்டது.

இங்கேதான் டொனால்டின் வாழ்க்கை சிக்கலாகிறது. அவர் மத நம்பிக்கை மிகுந்தவர். கருக்கலைப்புக்கு வழி திறந்த 1967-ம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தை எதிர்த்தவர். கரு அசைவதைத் திரையில் காட்டியே வாதாடியவர். அவர் உண்டாக்கிய கருவி, அவருடைய சீடர் கையில் இப்படியும் பயன்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அந்தத் தாயின் இடத்தில் நின்று பார்த்தால் இன்னும் கஷ்டம்.

குறை தெரிந்தால் கலைப்பது ஒன்றே வழி என்பதும் இல்லை. தலையில் நீர் கோத்த குழந்தை என்று முன்கூட்டியே தெரிந்தால், மூளை அறுவை நிபுணர் உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கலாம். ஐந்தாம் மாத ஸ்கேனில் மூளையின் நீர் அறைகள், சிறுமூளை எல்லாம் பார்க்கப்படுகின்றன. சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. உண்டு. நம் நாட்டிலோ இதே கருவியைப் பெண் சிசுவைக் கண்டுபிடித்து அழிக்கவும் உபயோகித்தார்கள். அதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது.

டொனால்டுக்கு இருதய வால்வில் கோளாறு. பல முறை ஆபரேஷன் செய்துகொண்டும் வேலையை விடவில்லை. 1976-ல் ஓய்வு பெற்றார். எஸ்ஸெக்ஸ் பகுதியில் பேகிள்ஷம் என்ற சிற்றூரில் வசித்து, 1987 ஜூன் 19-ல் காலமானார்.