கந்தரோடையைத் தோண்டிய நீதிபதி போல் பீரிஸ்

சுன்னாகம் சந்தியிலிருந்து மேற்கே சிறிது தூரம் போனால் கந்தரோடை. பனைகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே, வேலியடைத்த ஒரு காணிக்குள், முருகைக்கல்லால் ஆன சிறிய தாதுகோபங்கள் ஒன்றையொன்று நெருக்கியபடி நிற்கின்றன. போர் முடிந்த பின் தெற்கிலிருந்து யாத்திரிகர் பேருந்துகள் இங்கு வரத் தொடங்கின. அவர்கள் இதனைக் கதுருகொட விகாரை என்றே அறிவார்கள். எமது பிள்ளைகளில் பலர் இந்த வேலிக்குள் கால் வைத்ததே இல்லை. எங்களுடையது அல்ல என்ற எண்ணம் அவர்களுக்கு எப்படியோ வந்துவிட்டது.

இந்த இடத்தை முறையாக ஆராய்ந்து முதலில் எழுதியவர் தொல்லியல் அதிகாரி அல்லர். யாழ்ப்பாணத்தில் நீதிபதியாகக் கடமையாற்றிய ஒரு சிங்களவர். போல் ஈ. பீரிஸ் என்ற அவருடைய பெயரை இரு தரப்பு எழுத்தாளர்களும் தமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் எடுத்தாள்கிறார்கள். அந்த மனிதரை முழுமையாகச் சொல்பவர்கள் குறைவு.

பீரிஸ் 1874இல் பிறந்தார். தெரணியகல என்பது அவர்களது பரம்பரைப் பெயர். கேம்பிரிஜ் ட்ரினிட்டி கல்லூரியில் படித்து, ஆங்கிலேயரின் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். அந்நாளில் சிவில் சேவைக்காரர் பலர் மாலையில் டெனிஸ் விளையாடினார்கள். இவர் போர்த்துக்கேய ஏடுகளைப் படித்தார். ரிபெய்ரோ என்ற போர்த்துக்கேயப் படைவீரர் எழுதிய இலங்கை வரலாற்றை 1909இல் ஆங்கிலத்தில் தந்தார். போர்த்துக்கேயர் காலம் பற்றிய அவரது பெரிய நூல் 1913, 1914 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது.

யாழ்ப்பாணத்துக்கு வந்த பின்னும் எழுத்து நிற்கவில்லை. ஒல்லாந்தர் பற்றிய அவருடைய நூல் 1918இல் தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சானது. போர்த்துக்கேயர் பற்றிய இன்னொரு நூலும் 1920இல் அங்கேயே அச்சேறியது. தெல்லிப்பழையும் அதற்கு வடக்கே உள்ள ஊர்களும் பிற்காலத்தில் உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல்லோடு சேர்ந்து எத்தனை குடும்பங்களை அலையவைத்தன என்பது எமக்குத் தெரியும். அதே தெல்லிப்பழையில்தான் ஒரு சிங்கள அறிஞர் தன் நாட்டின் வரலாற்றை அச்சுக்கோத்து வெளியிட்டார். யாழ்ப்பாண இராச்சியத்தின் நிர்வாகம் எப்படி இருந்தது என்பதைப் போர்த்துக்கேயப் பதிவேடுகளிலிருந்து எடுத்து அவர் எழுதிய சிறுநூலும் 1920இல் வந்தது.

அக்காலத்தில் இலங்கையின் தொல்பொருள் திணைக்களம் ஏறக்குறைய அநாதையாகக் கிடந்தது. 1890இல் எச். சி. பி. பெல் தொடங்கிவைத்த பணி அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் சிகிரியாவையுமே சுற்றியது. பெல் 1912இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர் எகிப்தின் மன்னர் சமவெளியில் கல்லறைகளைத் தோண்டிய எட்வேட் எயர்ட்டன். 1914இல் திஸ்ஸமகாராம குளத்தில் அவர் மூழ்கி இறந்தார். உலகப் போரும் வந்தது. நிரந்தர ஆணையாளராக ஹோகார்ட் வரும்போது 1921 ஆகிவிட்டது. இந்த இடைவெளியில் வடக்கின் மண்ணைத் திரும்பிப் பார்க்க அரசில் ஆளில்லை. நீதிமன்ற வேலை போக மிஞ்சிய நேரத்தில் பீரிஸ்தான் பார்த்தார்.

கந்தரோடையில் தாதுகோபங்களின் அடித்தளங்கள், புத்தர் சிலைகள், மணிகள், முத்திரை குத்திய பழைய நாணயங்கள், இலட்சுமி உருவம் பொறித்த தகடுகள், உரோம நாணயங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. செம்பினால் ஆன மை தீட்டும் குச்சிகளைக் கண்டவர் பண்டைய எகிப்தின் குச்சிகளோடு அவற்றை ஒப்பிட்டார். தன் முடிவுகளை றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917இலும் 1919இலும் இரண்டு கட்டுரைகளாக எழுதினார். நாகதீபமும் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களும் என்பதே அவற்றின் பொருள்.

தெற்கில் பௌத்த எச்சங்கள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பௌத்தம் என்றால் சிங்களம், ஆகவே கந்தரோடை சிங்களவரின் ஊர் என்று வாதம் நீண்டது. இதே கட்டுரைகளில்தான் பீரிஸ் வேறொன்றையும் எழுதினார். இந்தியக் கரை மீனவர்களின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உள்ள தீவில் மக்கள் மிக முன்பே குடியேறியிருப்பார்கள் என்றார். விஜயன் வந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு வெகுமுன்பே இங்கே ஐந்து ஈச்சரங்கள் புகழ்பெற்றிருந்தன என்றார். தமிழர்கள் தாம் கனவிலும் எண்ணாத ஒரு வரலாறு தம் மணலுக்குள் புதைந்திருப்பதை உணரவேண்டும் என்ற விருப்பத்தையும் தெரிவித்தார். எம்மவர்கள் ஈச்சரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு தாதுகோபங்களை விட்டுவிட்டோம். தமிழர் பௌத்தராகவும் இருந்தார்கள் என்பதை மணிமேகலை பிறந்த மொழிக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

பின்னாளில் பீரிஸ் இலண்டனில் இலங்கையின் வர்த்தக ஆணையாளராக இருந்தார். கண்டி இராச்சியத்தின் இறுதிக் காலம் பற்றி எழுதினார். தனிச் சிங்களச் சட்டம் வந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1959இல் காலமானார். மகன் பி. ஈ. பி. தெரணியகல தேசிய அருங்காட்சியகத்தின் பணிப்பாளரானார். இன்னொரு மகன் ஜஸ்ரின் புகழ்பெற்ற ஓவியர். பேரன் சிரான் தொல்பொருள் திணைக்களத்துக்கே தலைவரானார். அநுராதபுரத்தில் சிரான் செய்த அகழ்வுகள், விஜயன் கதைக்கு முன்பே அங்கு இரும்புக்கால மக்கள் வாழ்ந்ததைக் காட்டின. பாட்டன் ஊகித்ததைப் பேரன் மண்ணில் கண்டார்.

அரசு காப்பாளனாக உறுதியாக வந்து சேர்ந்தது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தோடு. அனுமதியின்றித் தோண்டக்கூடாது. தற்செயலாகக் கிடைத்ததை அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும். புதிதாகக் கண்டெடுக்கப்படும் தொல்பொருள், காணி யாருடையதானாலும், அரசின் சொத்து. நினைவுச் சின்னமொன்றை வர்த்தமானியில் அறிவித்துக் காக்கலாம். பழமைக்கு அச்சட்டம் வைத்த எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்த நாள். 1619இல் அரசை இழந்த யாழ்ப்பாணத்தின் பழமையையும் அந்தக் கண்டிக் கணக்கில்தான் அளந்தார்கள்.

கந்தரோடையில் திணைக்களம் புதுப்பிப்பு வேலை செய்தது. அடித்தளங்கள் பழையவை. மேலே நாம் காணும் அரைக்கோளங்களில் பெரும்பகுதி திணைக்களம் பின்னர் மீளக் கட்டியது. திணைக்களம் இல்லாவிட்டால் கற்கள் வீட்டு மதிலுக்கும் கிணற்றுக் கட்டுக்கும் போயிருக்கும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது வெளிவந்தது, பௌத்தத்துக்கு முந்திய குடியிருப்பு. தென்னிந்தியப் பெருங்கற்கால மக்களுடையதை ஒத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் அதில் கிடைத்தன. 1980களில் பொ. இரகுபதி குடாநாடு முழுவதும் அலைந்து ஆராய்ந்து, பெருங்கற்கால ஈமமரபையும் பௌத்தத்தையும் இணைத்து இந்தத் தாதுகோபங்களுக்கு விளக்கம் தந்தார். யாத்திரிகர்கள் பேருந்தில் கேட்கும் கதையில் இவை இடம்பெறுவதில்லை.

1987இன் 13ஆவது திருத்தம், தேசிய முக்கியத்துவம் உடையவையாகப் பாராளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்படாத பழைய சின்னங்களை மாகாண சபையின் பட்டியலில் வைத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எது தேசிய முக்கியத்துவம் என்று தீர்மானிப்பது கொழும்பு. வடக்கு மாகாண சபை 2013இல் உருவானபோதும் தொல்பொருள் அதிகாரம் கொழும்பிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்தில் உள்ள பிராந்திய அலுவலகமும் அந்தத் திணைக்களத்தின் கிளைதான். 2020இல் கிழக்குக்கு அமைத்த தொல்பொருள் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ கிடையாது. குருந்தூர்மலையில் நடந்ததையும் பார்த்தோம். தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணி போகப்போகிறது என்று எம்மவர் நினைப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

அந்தப் பயத்தின் விலையையும் கந்தரோடை மண்ணே கொடுக்கிறது. வேலிக்குள் இருப்பது தாதுகோபங்கள் உள்ள சிறு துண்டு. பழைய குடியிருப்பின் பெரும்பகுதி வேலிக்கு வெளியே, வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் அடியில் இருக்கிறது. மலசலகூடக் குழி வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ கறுப்பு-சிவப்பு ஓடு தட்டுப்பட்டால், அறிவித்தால் என்ன ஆகுமோ என்று எண்ணி, அதே மண்ணைத் திரும்பப் போட்டு மூடுவதுதான் ஒரு காணிக்காரருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும்.