குமரகுருபரர்

குமரகுருபரர் அல்லது குமரகுருபர சுவாமிகள் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சைவத் துறவியும் தமிழ்ப் புலவரும் ஆவார். கந்தர் கலிவெண்பா, மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ், நீதிநெறி விளக்கம், சகலகலாவல்லி மாலை முதலிய நூல்களை இயற்றியவர். தருமபுர ஆதீனத்தைச் சார்ந்து துறவு பூண்ட இவர், பின்னர்க் காசிக்குச் சென்று கங்கைக் கரையில் ஒரு தமிழ்ச் சைவ மடத்தை நிறுவினார். திருப்பனந்தாள் காசிமடம் அதன் வழிவந்ததே. இவரது காலம் பொதுவாக 1625–1688 எனக் குறிக்கப்படுகிறது. மதுரையைத் திருமலை நாயக்கர் ஆண்ட காலத்தில் (1623–1659) இவர் அங்கே நூல் அரங்கேற்றினார் என்னும் செய்தி, இவரது காலத்தை அறிய முதன்மையான துணையாகும்.

இவரைப் பற்றிய செய்திகளிற் பெரும்பகுதி மடங்களிலும் அடியார்களிடத்தும் வழங்கிவந்த மரபுவழிச் செய்திகளே. அவற்றுள் மூன்று இடங்களில் பேச்சே மையமாக நிற்கிறது. பேசாத குழந்தைக்குப் பேச்சு வருகிறது. புகழ்பெற்ற புலவனுக்குப் பேச்சு நின்றுபோகிறது. அயல்நாடு சென்ற துறவிக்கு வேற்றுமொழி வாய்க்கிறது. இவருடைய நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது இம்மரபுகள் சில இடங்களிற் பொருந்துகின்றன, சில இடங்களிற் பொருந்தவில்லை.

பிறப்பும் இளமையும்

குமரகுருபரர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி ஆற்றங்கரையில் உள்ள திருவைகுண்டத்தில் பிறந்தார். தந்தையார் சண்முகசிகாமணிக் கவிராயர். தாயார் சிவகாமசுந்தரி அம்மையார். பெயரே காட்டுவது போல, தமிழ்ப் புலமையும் முருக வழிபாடும் உடைய குடும்பம் அது. குழந்தை ஐந்தாண்டு வரை பேசவில்லை. கவலையுற்ற பெற்றோர் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று முருகன் சந்நிதியில் நோன்பிருந்தனர் என்றும், அங்கே இறையருளால் பேச்சு வந்து குழந்தை கந்தர் கலிவெண்பாவைப் பாடியது என்றும் கூறப்படுகிறது.

கந்தர் கலிவெண்பா

122 கண்ணிகளைக் கொண்ட இந்நூல், இடையில் எங்கும் முற்றுப்பெறாது தொடர்ந்து செல்லும் கலிவெண்பா யாப்பில் அமைந்தது. சைவ சித்தாந்தக் கருத்துகளின் சுருக்கம் என்றே இதனைக் கூறலாம். மந்திரம், பதம், வன்னம், புவனம், தத்துவம், கலை என்னும் ஆறு அத்துவாக்களையும் முருகனின் திருமேனியாகக் காட்டி, பின் அவன் திருவுருவம், பிறப்பு, சூரனை வென்றமை, ஆறுபடை வீடுகள் என விரிந்து செல்கிறது. இறுதிப் பகுதியில் நோயும் பகையும் அணுகாமற் காக்கவேண்டும் என்ற வேண்டுதல் வருகிறது. அதனுடன் ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவியும் அட்டாவதானமும் தனக்கு வாய்க்கவேண்டும் என்றும் புலவர் கேட்கிறார். சித்தாந்தக் கலைச்சொற்கள் இவ்வளவு செறிந்த நூலை ஐந்து வயதுக் குழந்தை பாடியதாகக் கொள்வது எளிதன்று. அடியார்கள் அதனையே அருளின் சான்றாகக் கொள்வர். எவ்வாறாயினும், பாடும் ஆற்றலையே முதல் வரமாகக் கேட்கும் நூல் இது என்பது பாடலிலேயே தெளிவாக உள்ளது.

மதுரையில்

திருவைகுண்டத்துக் கயிலாயநாதர் மீது இவர் பாடிய கயிலைக் கலம்பகம் முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியுள்ளன. பின்னர் மதுரைக்குச் சென்ற இவர், திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். அரங்கேற்றத்தின்போது அங்கயற்கண்ணி அம்மை சிறுமி வடிவில் வந்து மன்னரின் மடியில் அமர்ந்து கேட்டு, முத்துமாலையைப் புலவருக்கு அணிவித்து மறைந்தாள் என்பது மதுரையில் இன்றும் வழங்கும் செய்தி.

பெண்பாற் பிள்ளைத்தமிழுக்குரிய காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, அம்மானை, நீராடல், ஊசல் என்னும் பத்துப் பருவங்களும் இதில் உள்ளன. மலயத்துவச பாண்டியனின் மகளாகப் பிறந்து, திக்குவிசயம் செய்து, கயிலையில் இறைவனைக் கண்டு நாணிய தடாதகையின் கதை பாடல்தோறும் ஊடாடுகிறது. உலகை ஈன்ற அன்னையைப் பாண்டியன் வீட்டுச் சிறுபிள்ளையாக வைத்துக் கொஞ்சும்போது எழும் முரணைப் புலவர் எங்கும் நழுவவிடவில்லை. அம்புலிப் பருவத்தில் நிலவைச் சாம, பேத, தான, தண்டம் என்னும் நான்கு வழிகளாலும் விளையாட அழைப்பது பிள்ளைத்தமிழ் மரபு. அதை இவர் கையாண்டிருக்கும் விதத்தைப் பிற்காலப் புலவர்கள் முன்மாதிரியாகக் கொண்டனர். பிள்ளைத்தமிழ் நூல்கள் நூற்றுக்கணக்கில் எழுந்த மொழியில் இந்நூல் முன்வரிசையில் நிற்பதற்கு அதன் ஓசையமைப்பும் ஒரு காரணம். படிப்பதைவிட வாய்விட்டுச் சொல்லும்போதே அதன் அழகு வெளிப்படும்.

மதுரைக் கலம்பகம், மீனாட்சியம்மை குறம், மீனாட்சியம்மை இரட்டைமணிமாலை ஆகியவையும் மதுரையைப் பாடியவை. 102 வெண்பாக்களைக் கொண்ட நீதிநெறி விளக்கம், திருக்குறளின் கருத்துகளைச் சுருக்கமாகத் தருமாறு திருமலை நாயக்கர் கேட்டதால் எழுதப்பட்டது என்பர். நிலையாமையைச் சொல்லும் கடவுள் வாழ்த்தை அடுத்து, நூல் கல்வியைப் பற்றிய பாடல்களோடு தொடங்குகிறது. கற்றவர் அவையில் அஞ்சாது பேசவேண்டும் என்பதையும் இவர் வற்புறுத்துகிறார். இந்நூலின் சில பாடல்கள் பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளன.

தருமபுரமும் துறவும்

யார் முன்னிலையில் உனக்குப் பேச்சு எழாது போகிறதோ அவரே உன் குரு என்று திருச்செந்தூரில் முருகன் உணர்த்தியதாக மரபு கூறுகிறது. மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள தருமபுர ஆதீனத்தின் நான்காம் தலைவர் மாசிலாமணி தேசிகர். அவர், சுந்தரர் தில்லைக் கூத்தனைக் கண்டு ஐம்புலனும் ஒன்றிய நிலையைச் சேக்கிழார் பாடிய பெரியபுராணச் செய்யுளைக் குறிப்பிட்டு, அதன் அனுபவப் பொருளைக் கேட்டார். சொற்பொருளை எளிதிற் கூறியிருக்கக்கூடிய புலவர், கேட்கப்பட்டது வேறொன்று என உணர்ந்து விடை கூற இயலாமல் நின்றார். அவரையே குருவாகக் கொண்டார். மன்னன் அவையில் போற்றப்பட்டவர் மாணவராக அமர்ந்த இடம் இதுவே. பண்டார மும்மணிக்கோவை இக்குருவின் மீது பாடப்பட்டது.

துறவு வேண்டியபோது, முதலில் காசிக்குச் சென்று வரவேண்டும் என்பது ஆதீன வழக்கு. காசி தொலைவு என்பதால் சிதம்பரத்தில் தங்கியிருக்கக் குரு இசைந்தார். வழியில் வைத்தீசுவரன் கோயிலில் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழைப் பாடினார். சிதம்பரத்தில் தங்கியிருந்த நாட்களில் தோன்றியவை சிதம்பர மும்மணிக்கோவையும் சிதம்பரச் செய்யுட்கோவையும். பின்னது வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா ஆகியவற்றுக்கும் அவற்றின் இனங்களுக்கும் எடுத்துக்காட்டாக அமைந்த பக்திநூல். யாப்பிலக்கணத்திற்கு இலக்கியமாக ஒருவர் தாமே பாடி வைத்தது தமிழில் அரிதாகக் காணப்படும் முயற்சி. திருவாரூர் நான்மணிமாலையும் இவர் நூலே.

காசியில்

துறவு பூண்டபின் குமரகுருபரர் காசிக்குச் சென்றார். அங்கே மடம் அமைக்க இடம் வேண்டி முகலாய ஆட்சியாளரைச் சந்திக்க விரும்பினார். ஆனால் அவர்கள் பேசிய இந்துத்தானி மொழி தெரியாது. அப்பொழுது கலைமகளை வேண்டிப் பத்துப் பாடல்கள் கொண்ட சகலகலாவல்லி மாலையைப் பாடி, அம்மொழியில் பேசும் ஆற்றலைப் பெற்று, சிங்கத்தின் மீதேறி அவைக்குச் சென்றார் என்பது கதை. அவ்வாட்சியாளர் இளவரசர் தாரா சிக்கோ என்று சிலர் கூறுவர். தாரா சிக்கோ காசிப் பண்டிதர்களின் துணைகொண்டு 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தவர் ஆதலால் இக்கருத்து எழுந்திருக்கலாம்.

மாலையின் பாடல்களில் இந்துத்தானி பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. பண்ணும் பரதமும் கல்வியும் கவிபாடும் திறமும் வேண்டும் என்றும், வடநூற் புலமையும் தமிழ்ச் செல்வமும் வாய்க்கவேண்டும் என்றும், தம் பாட்டைக் கேட்ட அளவில் மன்னரும் பணியவேண்டும் என்றுமே புலவர் கேட்கிறார். மன்னர் அவையில் பேசச் செல்பவரின் வேண்டுகோளாக அதனைப் படிக்க இடம் உண்டு. இளமையில் செந்தூரில் கேட்டதும் ஏறத்தாழ இதுவே.

காசியில் இவர் கம்பராமாயணத்தை இந்துத்தானியில் விரித்துரைத்தார் என்றும், அதனைத் துளசிதாசர் கேட்டுத் தம் இராமாயணத்தில் பயன்படுத்தினார் என்றும் ஒரு செய்தி பரவலாக வழங்குகிறது. துளசிதாசர் 1623இல் மறைந்தவர். குமரகுருபரர் பிறந்ததாகக் கூறப்படும் ஆண்டே அதற்குப் பிந்தியது என்பதால் இச்செய்தியை ஏற்க இயலாது.

கேதார கட்டத்தில் இவர் அமைத்த மடம் குமாரசாமி மடம் எனப்படுகிறது. அருகில் உள்ள கேதாரேசுவரர் கோயிலைப் புதுப்பித்து வழிபாடு நடக்கச் செய்தவரும் இவரே என்பர். விசுவநாதரைப் பாடும் காசிக் கலம்பகம் இங்கு இயற்றப்பட்டது. காசியில் இறப்போர் செவியில் இறைவன் தாரக மந்திரம் ஓதுவான் என்ற நம்பிக்கை இந்நூலில் மீண்டும் மீண்டும் வருகிறது. இடையில் ஒருமுறை தருமபுரம் வந்து குருவை வணங்கி மீண்ட இவர், காசியிலேயே மறைந்தார். இவரது குருபூசை வைகாசி மாதத்தில் நடைபெறுகிறது.

பின்னாளில்

காசி மடத்தில் இவர் வழிவந்த தில்லைநாயக சுவாமிகள் 1720இல் தஞ்சைப் பகுதியில் உள்ள திருப்பனந்தாளில் மடம் அமைத்தார். காசியில் உள்ள அறங்களுக்கான நிலங்களையும் வருவாயையும் தமிழ்நாட்டிலிருந்தே கவனிக்க இது துணைசெய்தது. இம்மடத்துத் தலைவர்கள் இன்றும் காசிவாசி என்னும் அடைமொழியோடு வழங்கப்படுகின்றனர். குமரகுருபரரின் நூல்களை உ. வே. சாமிநாதையர் குறிப்புரையுடன் குமரகுருபர சுவாமிகள் பிரபந்தத் திரட்டு என்ற பெயரில் 1939இல் பதிப்பித்தார்.

சகலகலாவல்லி மாலை நவராத்திரி நாட்களில் தமிழகத்தில் பாடப்படுகிறது. இலங்கையின் தமிழ்ப் பள்ளிகளில் வாணி விழாவின்போது மாணவர்கள் இதன் பத்துப் பாடல்களையும் சேர்ந்து பாடுவது வழக்கம்.