சுல்தான் தாயாக மதித்த செர்பிய இளவரசி

செர்பிய மன்னர் ஜுராஜ் பிராங்கோவிச்சின் மகள் மாரா. துருக்கியருடன் சமாதானம் நிலைக்க வேண்டும் என்று, 1436-ல் அவளைச் சுல்தான் இரண்டாம் முராதுக்குத் தகப்பனார் மணமுடித்துக் கொடுத்தார். பலன் இல்லை. 1439-ல் செர்பியாவின் தலைநகரம் சுல்தானிடம் வீழ்ந்தது. 1441-ல் அவளுடைய சகோதரர்கள் இருவரின் கண்களையும் முராத் குருடாக்கினார்.

1451-ல் முராத் இறந்தார். மாராவுக்குப் பிள்ளை இல்லை. வேறொரு மனைவியின் மகன் மெகமது பட்டத்துக்கு வந்தார். அவர் மாராவை மரியாதையுடன் தாய்வீட்டுக்கு அனுப்பினார். கான்ஸ்டான்டிநோபிள் சக்கரவர்த்தி அவளைப் பெண் கேட்டார். மாரா மறுத்துவிட்டாள். 1453-ல் அந்த நகரை மெகமது பிடித்தார். சக்கரவர்த்தி போரில் மாண்டார்.

1457-ல் பிறந்த வீட்டில் பதவிச் சண்டை மூண்டது. மாரா, கண்ணிழந்த சகோதரனுடன் மெகமதுவிடமே அடைக்கலம் புகுந்தாள். அவர் அவளைத் தாயாக மதித்து நிலம் அளித்தார். துருக்கியருடன் போரிட்ட வெனிஸ் நகரத்தாரும் சமாதானம் பேச அவள் உதவியை நாடினர். கடைசிவரை கிறிஸ்தவ மதத்தை விடாமல், 1487-ல் கண்மூடினாள். பணயப் பொருளாகப் போன பெண், இரு தரப்பாரும் நம்பும் தூதுவராக உயர்ந்தாள்!