இரட்டையர் களத்தில் ஒரு தமிழர்: பஞ்ச் குணாளன்

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டிக் குடாநாட்டில் பூப்பந்தாட்டம் ஆடுவது எளிதான காரியமன்று. நுரைச்சோலையிலும் மாம்புரியிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, பதினாறு இறகுகள் செருகப்பட்ட, ஐந்து கிராம் நிறையுள்ள அந்தப் பந்தை அடித்தவன் நினைத்த இடத்தில் விழவிடாது. இருந்தும் இஷா தொழுகை முடிந்த பின்னர் ஒரு மின்விளக்கைத் தொங்கவிட்டு, இரண்டு தென்னைகளுக்கிடையே வலையைக் கட்டி, மணலில் கோடு கீறி இளைஞர்கள் ஆடுவதை இக்கரையோரக் கிராமங்களில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். இடம் குறைவு, ஆட்கள் அதிகம். எனவே எப்போதும் இரட்டையர் ஆட்டம்தான். ஒற்றையர் ஆட்டம் அங்கே ஓர் ஆடம்பரம்.

புத்தளத்தின் விளையாட்டு என்றால் அது உதைபந்தாட்டம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். பூப்பந்தாட்டம் இங்கே மாலைப்பொழுதின் துணையாகவே இருந்து வருகிறது. ஆனால் இதே விளையாட்டு, இந்து சமுத்திரத்தின் மறுகரையில், இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும், ஒரு தேசத்தின் மானப் பிரச்சினையாக விளங்குகிறது. ஒரு காலத்தில் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டி, பத்தாவியாவிலிருந்து இக்கரையை ஆண்டதை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்தப் பத்தாவியாதான் இன்றைய ஜகார்த்தா. அந்நகரின் அணிகளை எதிர்த்து உலக அரங்கில் நின்ற ஒரு தமிழரின் வாழ்க்கையை இங்கு நினைவுகூர விரும்புகிறோம். அவர் மலேசியாவின் டத்தோ பஞ்ச் குணாளன். 2012 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் திகதி, தமது 68 ஆவது வயதில் அவர் காலமானார். உதைபந்தாட்ட வீரர்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிக்கும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் இவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பது ஐயமே.

குணாளன் 1944 ஆம் ஆண்டு பிறந்தார். அக்காலத்து மலாயாவில் தமிழர் என்றால் இறப்பர்த் தோட்டமும் புகையிரதத் திணைக்களமும் எழுதுவினைஞர் மேசையுமே பலருக்கு நினைவில் வரும். பூப்பந்தாட்டமோ பெரும்பாலும் சீன இனத்தவரின் கையில் இருந்தது. மலாயா 1949, 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் தோமஸ் கிண்ணத்தை வென்ற காலத்திலிருந்து அதுதான் நிலைமை. அந்தச் சூழலில் ஒரு தமிழ் இளைஞர் தேசிய அணியில் இடம்பிடித்தது மட்டுமன்றி, ஒற்றையர், இரட்டையர் ஆகிய இரு பிரிவுகளிலும் முதல்வரிசைக்கு வந்தது சாதாரண விடயமன்று.

அக்காலத்து மலேசிய, இந்தோனேசியப் போட்டியின் சூட்டை இன்றைய வாசகர் உணர்வது கடினம். 1963 முதல் 1966 வரை இரு நாடுகளும் கிட்டத்தட்ட யுத்த நிலையிலேயே இருந்தன. அது ஓய்ந்த மறு ஆண்டு, 1967 இல், தோமஸ் கிண்ண இறுதிப்போட்டி ஜகார்த்தாவில் நடைபெற்றது. மலேசியா முன்னணியில் இருந்த வேளையில் பார்வையாளரின் கூச்சலும் குழப்பமும் எல்லை மீறவே ஆட்டம் இடைநிறுத்தப்பட்டது. எஞ்சிய ஆட்டங்களை வேறொரு நாட்டில் நடத்துமாறு சர்வதேச சம்மேளனம் பணித்ததை இந்தோனேசியா ஏற்கவில்லை. கிண்ணம் மலேசியாவுக்கு வழங்கப்பட்டது. 1970 இல் கோலாலம்பூரிலேயே வைத்து இந்தோனேசியா 7 இற்கு 2 என்ற கணக்கில் அதை மீட்டுச் சென்றது. குணாளனின் சிறந்த ஆண்டுகள் இந்தக் கொதிநிலையின் நடுவே அமைந்தவை.

இன்னொரு பின்னணியும் உண்டு. 1969 மே 13 ஆம் திகதி கோலாலம்பூரில் மூண்ட இனக்கலவரம் மலேசியாவை உலுக்கியது. நாடாளுமன்றம் இடைநிறுத்தப்பட்டு அவசரகால நிலை நிலவிய அந்தக் காலப்பகுதியில்தான், ஒரு சீனரும் ஒரு தமிழரும் ஒரே சட்டை அணிந்து ஒரே களத்தில் இறங்கினர். குணாளனின் துணையாட்டக்காரர் இங் பூன் பீ. வயதில் ஏறத்தாழ ஆறாண்டு மூத்தவர். டான் யீ கானுடன் இணைந்து 1965, 1966 ஆம் ஆண்டுகளில் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை ஏற்கெனவே வென்றவர். இத்தகைய ஒருவரின் பக்கத்தில் பழைய துணையின் இடத்தில் வந்து நிற்பது எவருக்கும் கடினமான சோதனை.

இரட்டையர் ஆட்டத்தின் இலக்கணம் தனியானது. தாக்கும்போது ஒருவர் முன்னே வலையருகிலும் மற்றவர் பின்னேயும் நிற்கவேண்டும். தற்காக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாகப் பிரிய வேண்டும். இந்த மாற்றம் ஒரு நொடிக்குள், வாய்திறந்து பேசாமல் நிகழவேண்டும். பின்னிருப்பவர் ஓங்கி அடிக்க, எதிரணியினர் தடுமாறித் திருப்பியனுப்பும் பந்தை முன்னிருப்பவர் முடித்துவைப்பார். பார்வையாளர் முடித்தவருக்கே கைதட்டுவர். அதற்கு வழிசெய்தவரின் உழைப்பு பெரும்பாலும் கணக்கில் வராது. தமது ஆட்டத்தைத் துணையின் ஆட்டத்துக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொள்ளத் தெரியாதவர் எவ்வளவு திறமைசாலியானாலும் இரட்டையரில் நிலைப்பதில்லை. குணாளன் ஒற்றையர் ஆட்டத்திலும் உலகத் தரத்தில் இருந்தவர் என்பதை எண்ணும்போது, இந்த அடக்கம் அவருக்கு எவ்வளவு பயிற்சியைக் கேட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

1970 இல் எடின்பரோவில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் இருவரும் இரட்டையர் தங்கத்தை வென்றனர். அதே ஆண்டு இறுதியில் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் குணாளன் ஒற்றையர் தங்கத்தையும் பெற்றார். 1971 இல் இலண்டனில் அகில இங்கிலாந்து இரட்டையர் இறுதிப்போட்டி. எதிரே நின்றவர்கள் இந்தோனேசியாவின் ரூடி ஹார்த்தோனோவும் இந்திரா குணவானும். ஹார்த்தோனோ அவ்வேளை ஒற்றையரில் வெல்லமுடியாத மன்னர். ஆனால் இரட்டையர் களத்தில் அந்த மன்னரின் கொடி பறக்கவில்லை. இங் பூன் பீ, குணாளன் இணை நேர் செட்களில் வென்றது. அதன்பின் மலேசிய ஆடவர் இரட்டையர் இணையொன்று அந்தப் பட்டத்தை மீண்டும் தொட 1982 வரை, ரஸிஃப், ஜலானி சிடேக் சகோதரர்கள் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

1972 மியூனிச் ஒலிம்பிக்கில் பூப்பந்தாட்டம் காட்சி விளையாட்டாக மட்டுமே இடம்பெற்றது. வென்றாலும் உத்தியோகபூர்வ பதக்கக் கணக்கில் அது சேராது. இரட்டையர் இறுதியில் குணாளன் இணையை மூன்று செட்கள் நீடித்த ஆட்டத்தில் தோற்கடித்தவர்கள் இந்தோனேசியாவின் ஆடே சந்திராவும் கிறிஸ்டியன் ஹடிநாட்டாவும். அந்தப் போட்டிகள் முடிந்த மறுநாள் விடியுமுன்னரே ஒலிம்பிக் கிராமத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்தனர். பின்னர் நடந்த கொலைகளின் பேரதிர்ச்சியில், காட்சி விளையாட்டு ஒன்றில் யார் வென்றார் என்பதை உலகம் எண்ணிப்பார்க்கவே இல்லை. பூப்பந்தாட்டம் முழுமையான ஒலிம்பிக் விளையாட்டாக மாற 1992 பார்சிலோனா வரை காலம் தேவைப்பட்டது. குணாளனின் தலைமுறைக்கு ஒலிம்பிக் பதக்கம் என்பது காலத்தால் மறுக்கப்பட்ட ஒன்று.

1974 ஆம் ஆண்டு அவரது வாழ்வில் இரு முகம் காட்டியது. கிறைஸ்ட்சேர்ச் பொதுநலவாய விளையாட்டு விழாவில் ஒற்றையர் தங்கம் கிடைத்தது. அகில இங்கிலாந்து ஒற்றையர் இறுதிப்போட்டியில் மீண்டும் ஹார்த்தோனோ. முப்பது வயதான குணாளன் முதல் செட்டை வென்று அரங்கையே வியக்கவைத்தார். அடுத்த இரண்டையும் தம்மிலும் இளையவரான ஹார்த்தோனோ எடுத்துக்கொண்டார். அது ஹார்த்தோனோவின் தொடர்ச்சியான ஏழாவது பட்டம். அந்த இரண்டாவது செட் சற்றே வேறுவிதமாகத் திரும்பியிருந்தால் பூப்பந்தாட்ட வரலாற்றில் குணாளனின் பெயர் வேறு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். நமக்கோ இரட்டையரில் அவர் பெற்ற வெற்றியைவிட, இந்தத் தோல்வியே அவரது தரத்தை அதிகம் உணர்த்துவதாகத் தோன்றுகிறது.

விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையில் கடினமான பருவம் கைதட்டல் நின்ற பிறகுதான் தொடங்குகிறது. இந்தோனேசியா இதற்கு ஒரு வழி கண்டது. ஓய்வுபெற்ற வீரரை வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சி முகாமுக்கு அனுப்பியது. மியூனிச்சில் குணாளனை வென்ற கிறிஸ்டியன் ஹடிநாட்டாவே பிற்காலத்தில் அந்நாட்டின் இரட்டையர் ஆட்டத்துக்கு ஆசானாக விளங்கினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ரிக்கி சுபாக்ஜாவுடன் இணைந்து தங்கம் வென்ற ரெக்ஸி மைனாக்கி, பின்னர் இங்கிலாந்துக்கும் அதன்பின் மலேசியாவுக்கும் சென்று இரட்டையர் ஆட்டத்தைக் கற்பித்தார். அவர் பயிற்றுவித்த இங்கிலாந்தின் நேதன் ராபர்ட்சனும் கெயில் எம்ஸும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் வெள்ளிப் பதக்கம் பெற்றனர். இந்தியாவும் இந்தோனேசியப் பயிற்றுவிப்பாளர்களை அழைத்துக்கொண்டது. நெல்லும் தேயிலையும் போல, அறிவும் ஏற்றுமதிப் பண்டமாகலாம் என்பதை அந்நாடு காட்டியிருக்கிறது.

குணாளனும் இதே வழியில் நடந்தவர். மட்டையைக் கீழே வைத்த பின் மலேசிய வீரர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பிலும் பின்னர் நிர்வாகத்திலும் ஈடுபட்டார். 1992 இல் கோலாலம்பூரில் இந்தோனேசியாவை 3 இற்கு 2 என வென்று மலேசியா 25 ஆண்டுகளின் பின் தோமஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த அணியில் சிடேக் சகோதரர்களும் ஃபூ கொக் கியோங், சியா சூன் கிட், சூ பெங் கியாங் போன்றோரும் இருந்தனர். மலாயரும் சீனரும் தோளோடு தோள் நின்ற அணி அது. அதற்குப் பின் இன்றுவரை அக்கிண்ணம் மலேசியாவுக்குக் கிடைக்கவில்லை.

எனினும் குணாளனின் மிகப்பெரிய தாக்கம் களத்திலோ பயிற்சிக்கூடத்திலோ அன்றி, கூட்ட மண்டபத்திலேயே நிகழ்ந்தது. 1934 இல் தொடங்கப்பட்ட சர்வதேச பூப்பந்தாட்ட சம்மேளனத்தின் துணைத் தலைவராக அவர் உயர்ந்தார். இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் இருந்த அதன் தலைமையகம் 2005 இல் கோலாலம்பூருக்கு மாறியதில் அவரது பங்கு முதன்மையானது. விளையாட்டை ஆடுவது ஆசியா, ஆள்வது ஐரோப்பா என்ற நிலை அத்துடன் பெருமளவு மாறியது.

அடுத்து வந்ததே புள்ளி முறை மாற்றம். பழைய முறையில் பந்தைப் பரிமாறும் அணிக்கு மட்டுமே புள்ளி சேரும். ஆடவருக்கு 15 புள்ளிகள். இரட்டையரில் ஓர் அணிக்கு இரண்டு முறை பரிமாறும் வாய்ப்பு. ஒரே புள்ளிக்கணக்கில் பரிமாற்றம் மட்டும் கைமாறிக்கொண்டேயிருக்க, ஆட்டம் எப்போது முடியும் என்று எவராலும் சொல்லமுடியாது. தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு இது தலைவலி. 2002 இல் 7 புள்ளிகள் கொண்ட ஐந்து செட் முறை பரீட்சிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. 2006 இல் குணாளன் முன்னின்று கொண்டுவந்த 21 புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. யார் பரிமாறினாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. இரட்டையரில் இரண்டாவது பரிமாற்றம் இல்லை.

எதிர்ப்பு பலமாகவே எழுந்தது. பின்தங்கிய வீரர் பொறுமையுடன் மீண்டுவரும் அழகு போய்விடும் என்றனர் பழையவர்கள். இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. பழைய முறையின் புதல்வரான குணாளனே, தாம் வளர்ந்த முறையை மாற்றினார் என்பதுதான் இதில் வியப்பு. அவரது நிர்வாக முறை பலருக்குப் பிடிக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. சம்மேளனத் தலைவர் காங் யங் ஜூங்குடன் முரண்பாடு முற்றி, குற்றச்சாட்டுகளும் எதிர்க்குற்றச்சாட்டுகளும் எழுந்த நிலையில், 2008 இல் அவர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. களத்தில் துணைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டவர், மண்டபத்தில் அதைச் செய்யத் தவறினாரோ என்று கேட்கத் தோன்றுகிறது. நான்கு ஆண்டுகளின் பின், புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. இங் பூன் பீ, தம்மிலும் இளைய துணையாட்டக்காரரை வழியனுப்பிப் பத்தாண்டுகள் வாழ்ந்து 2022 இல் மறைந்தார்.

நமது நாட்டிலும் நிலுக கருணாரத்ன 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கெனிச்சி டாகோவை வீழ்த்தியபோது இவ்விளையாட்டின்மீது சற்றே வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சம் புத்தளம் கரைவரை வந்துசேரவில்லை. உள்ளரங்கு இல்லாத ஊரில் பூப்பந்தாட்டம் காற்றின் தயவில் நடக்கும் ஒன்றாகவே இருக்கும். அதைவிடப் பெரிய குறை, ஆடி முடித்தவர் கற்பிக்க முன்வருவதற்கான ஏற்பாடு இல்லாமை. பாடசாலை நாட்களில் நன்றாக ஆடியவர் பின்னர் கடைக்கோ மத்திய கிழக்குக்கோ போகிறார். அவர் கற்றது அவரோடு போகிறது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரையில் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வலைக்கு இருபுறமும் நின்று ஆடுகிறார்கள். அவர்களில் யார் முன்னே நிற்பது, யார் பின்னே போவது என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

சென்ற முறை நாம் அந்த மணல் களத்தருகே நின்றபோது கணக்கில் ஒரு தகராறு. வயதில் மூத்த மீனவர் ஒருவர் பதினைந்துடன் ஆட்டம் முடிந்தது என்று மட்டையைக் கீழே வைத்துவிட்டார். இளைஞர்கள் விடவில்லை. இருபத்தொன்று வரை ஆடியே ஆகவேண்டும் என்று நின்றார்கள். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே மட்டையை எடுத்து, பின்வரிசைக்குப் போய் நின்றார்.