படையில்லா மன்றத்தின் தலைமை நீதிபதி

அமெரிக்க அதிபரின் ஆணைக்கு நீதிமன்றம் தடை விதித்தது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அது எந்த நீதிமன்றம் என்று பார்ப்பது என் வழக்கம். நம் நாட்டில் கீழமை நீதிமன்றம் முதல் உச்சநீதிமன்றம் வரை ஒரே ஏணி. மத்தியச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் அதே நீதிமன்றங்களே விசாரிக்கின்றன. அமெரிக்காவில் இரண்டு ஏணிகள் உண்டு. கொலை, திருட்டு, மணமுறிவு, சொத்துத் தகராறு போன்ற பெரும்பாலான வழக்குகளை மாநில நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. கூட்டாட்சி அரசின் சட்டங்கள் சார்ந்த வழக்குகளும் மாநிலங்களுக்கு இடையிலான பிணக்குகளும் பெரும்பாலும் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன.

இந்த இரு ஏணிகளும் எங்கே சந்திக்கின்றன, அந்த இடத்தில் யார் சொல் இறுதியானது? இக்கேள்விக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் ஜான் மார்ஷல். அவரது வாழ்க்கையைப் படிக்கும்தோறும், நீதிமன்றத்தின் வலிமை எது, எல்லை எது என்ற இரண்டையும் ஒருசேரக் காண்கிறேன்.

1755-இல் வர்ஜீனியாவின் எல்லைப்புறப் பகுதியில் பதினைந்து குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்தவர் மார்ஷல். விடுதலைப் போரில் வாஷிங்டனின் படையில் பணியாற்றி, வேலி ஃபோர்ஜ் முகாமின் கொடிய குளிர்காலத்தைக் கடந்தவர். முறையான சட்டக் கல்வி அவருக்குச் சில மாதங்கள்கூட வாய்க்கவில்லை. ஆயினும் 1801-இல் அதிபர் ஜான் ஆடம்ஸ் அவரை உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியாக நியமித்தார். அப்போது அந்த நீதிமன்றத்துக்கெனச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. நாடாளுமன்றக் கட்டடத்தின் ஓர் அறையில் அமர்ந்துதான் விசாரித்தது.

ஆடம்ஸ் பதவி விலகும் தறுவாயில் பலரைச் சமாதான நீதிபதிகளாக நியமித்தார். வில்லியம் மார்பரி என்பவரின் நியமன ஆணை முத்திரையிடப்பட்டும் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த அதிபர் ஜெபர்சனின் அரசு அதைத் தர மறுத்தது. ஓர் அதிகாரி தன் கடமையைச் செய்யுமாறு நீதிமன்றம் பிறப்பிக்கும் கட்டளையுறுத்தும் நீதிப்பேராணையைக் கோரி, மார்பரி நேரடியாக உச்சநீதிமன்றத்தை நாடினார்.

ஆணையிட்டால் ஜெபர்சன் அரசு அதைப் புறக்கணிக்கக்கூடும். மறுத்தால் நீதிமன்றம் அஞ்சிவிட்டதாகிவிடும். 1803-இல் மார்ஷல் மூன்றாவது வழியைக் கண்டார். மார்பரிக்கு உரிமை உண்டு. ஆனால், இந்த வழக்கை முதல் நிலையிலேயே விசாரிக்கும் அதிகார வரம்பு உச்சநீதிமன்றத்துக்கு இல்லை. அவ்வதிகாரத்தை வழங்கிய 1789-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்றார். சிறியதோர் அதிகாரத்தைத் துறந்து, நாடாளுமன்றச் சட்டத்தையே செல்லாததாக்கும் நீதிப்புனராய்வு என்னும் பேரதிகாரத்தை நிலைநாட்டினார். மார்பரிக்குப் பதவி கிடைக்காததால், ஜெபர்சன் மீறுவதற்கு ஆணை ஏதும் இல்லாமற்போனது.

இதில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. நியமன ஆணைகளை உரியவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டிய வெளியுறவுச் செயலராக அன்று இருந்தவர் இதே மார்ஷல்தான். இன்றைய நெறிமுறைப்படி அவர் அந்த விசாரணையிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

மாநிலங்களைப் பொறுத்தும் இதே அணுகுமுறையையே கையாண்டார். தலைநகர் வாஷிங்டனுக்கான பரிசுச் சீட்டுகளை வர்ஜீனியாவில் விற்ற கோஹன் சகோதரர்களுக்கு அம்மாநில நீதிமன்றம் 100 டாலர் அபராதம் விதித்தது. தன் நீதிமன்றத் தீர்ப்பை ஆராய உச்சநீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என வாதிட்டது வர்ஜீனியா. கூட்டாட்சிச் சட்டம் பற்றிய கேள்வி எழும் வழக்குகளில் மாநிலத் தீர்ப்பின் மீதும் மேல்முறையீட்டு அதிகாரம் உண்டு என 1821-இல் மார்ஷல் அறுதியிட்டார். அதேசமயம், அபராதம் சரியே என்றும் தீர்ப்பளித்தார். வழக்கில் வென்றது வர்ஜீனியா. கோட்பாட்டில் வென்றது உச்சநீதிமன்றம்.

இத்தகைய சாதுரியம் கைகொடுக்காத ஒரு நாளும் வந்தது. செரோக்கி பழங்குடியினரின் நிலத்தின் மீது ஜார்ஜியா தன் சட்டத்தைத் திணித்தது. அந்நிலத்தில் நிகழ்ந்த கொலைக்காக ஜார்ஜ் டாசல் என்ற செரோக்கியருக்கு மாநில நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அத்தீர்ப்பை ஆராய 1830 டிசம்பரில் மார்ஷல் பேராணை பிறப்பித்தார். ஜார்ஜியா அதைப் பொருட்படுத்தாமல் டிசம்பர் 24-ஆம் தேதி டாசலைத் தூக்கிலிட்டது. மேல்முறையீடு செய்தவரே உயிருடன் இல்லாதபோது, எதை விசாரிப்பது?

செரோக்கி நிலத்தில் உரிமமின்றி வசித்ததற்காகச் சாமுவேல் உர்ஸ்டர் என்ற சமயப் பணியாளர் சிறையிலடைக்கப்பட்டார். அந்நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டத்துக்கு இடமில்லை என 1832-இல் மார்ஷல் தெளிவாகத் தீர்ப்பளித்தார். ஜார்ஜியா அசையவில்லை, அதிபர் ஜாக்சனும் அதற்கு நெருக்குதல் தரவில்லை. அடுத்த ஆண்டு உர்ஸ்டர் விடுதலையானது ஆளுநரின் மன்னிப்பால்தான். செரோக்கியர்கள் 1838-இல் தம் மண்ணிலிருந்து படை கொண்டு விரட்டப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அதைக் காண மார்ஷல் இல்லை. 34 ஆண்டுகள் தலைமை நீதிபதியாக இருந்து, 1835 ஜூலை 6 அன்று பிலடெல்பியாவில் காலமானார். அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் அவர். ஆனால், தம் காலத்தில் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றை அவரது நீதிமன்றம் செல்லாததாக்கியது ஒரே ஒரு முறைதான் என்பது அவரது நிதானத்துக்குச் சான்று.

நீதிமன்றத்திடம் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. தீர்ப்பு பிடிக்காதபோதும் அரசுகள் அதற்குப் பணிவதே அதன் வலிமை. மார்பரி வழக்கைச் சட்ட மாணவர்கள் தவறாமல் படிக்கிறார்கள். அதனுடன் டாசலின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பேன். நீதிமன்ற ஆணையை ஓர் அரசு அலட்சியப்படுத்தும்போது, தோற்பது நீதிபதியல்லர். அந்த ஆணையை மட்டுமே நம்பி நிற்கும் எளிய மனிதர்.